பாதி வாய்ப்பு

அந்த வீட்டில் அலாரம் கிடையாது. விடிவதற்கு முன்னால் அவனுக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடும்.

எழுந்தான். கீல்களுக்கு எண்ணெய் விட்டிருந்ததால் கதவு முனகாமல் திறந்தது. அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினான். பாத்திரம் வைக்கும் மேடையில் பழைய துண்டு ஒன்றை மடித்து விரித்திருந்தான். டம்ளரை எவ்வளவு அவசரமாக வைத்தாலும் சத்தம் வராது. குக்கர் பரணில் கிடந்தது. விசில் அடிக்கும் எதற்கும் அந்த வீட்டில் இடமில்லை. சோற்றைத் திறந்த பானையில் வைத்து வடித்தான். இரண்டு டப்பாக்களில் மதியச் சாப்பாட்டைக் கட்டினான். பெரியவளின் வெள்ளைக் கான்வாஸ் ஷூ மின்விசிறிக்கு அடியில் இருந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது.

பிறகு பெரியவளை எழுப்பப் போனான்.

கூப்பிட்டு எழுப்புவதில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வை ஏறி இறங்குகிறதா என்று முதலில் பார்ப்பான். அதுவரை அவன் மூச்சு பாதியில் நிற்கும். ஏறி இறங்கியது. பாதத்தின் மேல் கையை வைத்தான். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால், கண் திறந்திருந்தது. கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"எப்போ முழிச்சே?"

"இப்பத்தான்."

தினமும் இதே கேள்வி, இதே பதில். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். கண்ணில் தூக்கத்தின் சுவடே இருக்காது. ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் வரும் பதில் நோயின் அறிகுறியாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

கூடத்திலிருந்து மாமனார் ரகசியக் குரலில் கேட்டார். "மாப்பிள்ளை, காபி ஆச்சா?"

அவர் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். எஞ்சின் சத்தம் காதைப் பாதி தின்றுவிட்டது. மகள் போன பிறகு பேத்திகளுக்குத் துணையாக வந்து இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய ரகசியம் தெருமுனை வரைக்கும் போகும்.

"மெதுவா மாமா."

"இதுக்கு மேல மெதுவாப் பேசினா எனக்கே கேக்காது."

சின்னவள் தலையணையிலிருந்து முகத்தை எடுக்காமல் சொன்னாள். "தாத்தா, நீ ரகசியம் பேசினா பக்கத்து வீட்டு அங்கிள் பதில் சொல்றாரு."

பெரியவள் சிரித்தாள். அப்போது எதிர்க் கடைக்காரர் இரும்புக் கதவை ஒரே இழுப்பில் மேலே தள்ளினார். படார் என்றது. அவன் கை தானாகப் போய்ப் பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்தது. நாடி ஓடியது. தப்பில்லாமல் ஓடியது.

"நான் முழிச்சுதாம்ப்பா இருக்கேன்," என்றாள் அவள், ஏதோ அவனுக்கு ஆறுதல் சொல்வது போல.

அவன் மனைவி இறந்தது அலாரச் சத்தத்தில். மற்ற நாட்களைப் போலவே அன்றும் போன் அலறியது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். அதை நிறுத்தக் கையை நீட்டினாள். நீட்டிய கை போனைத் தொடவில்லை. ஒரு சொல்லும் வராமல் பக்கவாட்டில் சாய்ந்தாள். மறுபடியும் தூங்குகிறாள் என்று நினைத்து அவன்தான் அலாரத்தை நிறுத்தினான். அறுத்துப் பார்த்தவர்கள் இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். எடுத்து வைத்த ரத்தத்தைப் பிறகு மரபணு ஆய்வுக்கூடம் ஒன்றில் சோதித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இதயத்தின் மின்னோட்டத்தைச் சீர்செய்யும் மரபணு ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்குத் தூக்கத்தில் திடீரென்று கேட்கும் சத்தம் போதும், துடிப்பு தடம் புரண்டுவிடும்.

அது ஓங்கு வகை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் ஒரே ஒரு பிரதி கெட்டிருந்தாலே போதும். பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு பாதி.

பெண்கள் இரண்டு பேருக்கும் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றும் இல்லை. படத்தை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது, மரபணுவைப் பார்த்தால்தான் உறுதி என்றார் டாக்டர். ரத்தம் கொடுத்தார்கள். சின்னவளின் முடிவு வந்துவிட்டது, இல்லை. பெரியவளின் ரத்தம் வழியில் கெட்டுவிட்டதென்று மறுபடியும் எடுத்துப் போனார்கள். அந்த முடிவுக்காகத்தான் வீடு காத்துக்கிடந்தது.

மாமனாரையும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். அவர் மறுத்துவிட்டார். "என் வண்டி ஒரு நாளும் நடுவழியில நின்னதில்ல. எங்க பரம்பரையில எல்லாரும் வைரம் பாஞ்ச கட்டை. இதெல்லாம் எங்க ரத்தத்துல கிடையாது."

அவர் இன்னொன்றும் செய்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், "கடைசி மூச்சுல பெரியவளைத்தான் கூப்பிட்டா. வாய் நிறையக் கூப்பிட்டுட்டே போயிட்டா," என்று சொல்லிவைத்தார். அன்று அவர் வீட்டிலேயே இல்லை. அவன் மறுக்கவில்லை. பெற்றவர், எதையாவது பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். திரும்பத் திரும்பச் சொல்லி அது உண்மையைப் போலவே ஆகிவிட்டது.

பள்ளி வாசலில் பெரியவளின் வகுப்பாசிரியை நின்றிருந்தார். சின்னவள் அவன் கையை விட்டுவிட்டு ஓடினாள். பெரியவள் நடந்து போனாள். இடது தோளில் பை, வலது பக்கம் லேசாகச் சாய்ந்த தலை.

"நடைகூட அதேதான் சார்," என்றார் ஆசிரியை. "அப்படியே அம்மாவை உரிச்சு வச்சிருக்கா."

நல்ல மனதோடுதான் சொன்னார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். நெற்றி அம்மாவுடையது. சுருட்டை முடி அம்மாவுடையது. இடக்கை எழுத்து அம்மாவுடையது. கோபம் வந்தால் பேசாமல் போய் அலமாரியை அடுக்குகிற குணம்கூட அம்மாவுடையது. சின்னவள் அவனைப் போல, கோரை முடியும் தட்டை மூக்குமாக. இத்தனையும் அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டவள் அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருப்பாளா?

அப்படி இல்லை என்று அவனுக்குத் தெரியும். முடிக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஒவ்வொரு பண்பும் தன்பாட்டுக்குப் பிரிந்து தன்பாட்டுக்குச் சேரும். சார்பின்றி ஒதுங்குதல் விதி என்று அதற்குப் பெயர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது. முகத்தைப் பார்த்து மரபணுவைச் சொல்ல முடியாது. புத்தகத்தில் அதை எழுதியவனே அவன்தான். ஆனால் வாசலைத் தாண்டி அந்தத் தலை சாய்ந்து மறையும்போது, எழுதிய விதி எதுவும் துணைக்கு வரவில்லை.

அவன் வேலை பார்த்தது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையேடுகள் போடும் பதிப்பகம் ஒன்றில். உயிரியல் பகுதி அவனுடையது. மாடியில் நீளமான ஓர் அறை. சுவர் முழுக்கப் பழைய பதிப்புகள். காகித வாடையும் பிரிண்டர் மையின் வாடையும் கலந்து அடிக்கும். பதிப்பாளருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அச்சுக்குப் போகும் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பிடி வைத்த லென்ஸால் பார்க்காமல் விடமாட்டார். பெயர் அவருக்கும் தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அன்று மரபியல் பாடத்தின் கலைச்சொற்கள் மேசையில் இருந்தன.

"ஓங்கு பண்புன்னா என்ன? ஒரே வரியில சொல்லுங்க," என்றார் பதிப்பாளர். "பரீட்சை ஹால்ல பையன் கதை எழுதப் போறதில்ல."

"இரண்டு அல்லீல்ல ஒண்ணு இருந்தாலே வெளிப்படுற பண்பு."

"அல்லீல்?"

"ஒரே மரபணுவோட வேற வேற வடிவம். ஒண்ணு அம்மாகிட்டேருந்து வரும், ஒண்ணு அப்பாகிட்டேருந்து வரும்."

"அப்போ ஒடுங்கு பண்பு?"

"ரெண்டு பக்கத்துலேருந்தும் அதே வடிவம் வந்தாத்தான் வெளிய தெரியும். ஒண்ணு மட்டும் வந்தா உள்ளயே அடங்கியிருக்கும்."

"ஓங்குன்னா பலசாலி, ஒடுங்குன்னா நோஞ்சான். இப்படிப் போட்டா பசங்க மனசுல பசை போட்ட மாதிரி ஒட்டிக்குமே."

"தப்பு சார். ஓங்குன்னா பலம்னும் இல்ல, நல்லதுன்னும் இல்ல. ஒண்ணே போதும்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"ஒண்ணே போதும். எங்க வீட்டு மாமியார் மாதிரி."

பக்கங்களை வடிவமைக்கும் பெண் கணினிக்குப் பின்னாலிருந்து சிரித்தாள். அவனும் உதட்டை விரித்தான். சிரிப்பு கண்வரைக்கும் ஏறவில்லை.

புறத்தோற்றம்: வெளியே தெரியும் பண்பு. மரபணு வகை: உள்ளே இருக்கும் அல்லீல்களின் சேர்க்கை. இப்படி ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தார்கள். பயிற்சி வினாக்களுக்கு வந்ததும் பதிப்பாளரின் லென்ஸ் ஓரிடத்தில் நின்றது. விலகியது. மறுபடியும் அங்கேயே வந்தது.

"இதைக் கொஞ்சம் பாருங்க. பெற்றோரில் ஒருவரிடம் ஓங்கு அல்லீல் ஒன்று உள்ளது, மற்றவரிடம் இல்லை. இவர்களின் ஒரு பிள்ளைக்கு அப்பண்பு வரவில்லை எனில், மற்றொரு பிள்ளைக்கு வரும் வாய்ப்பு என்ன? கேள்வி சரி. விடையில நூறு விழுக்காடுன்னு இருக்கே, யார் போட்டது?"

அவன் குனிந்து பார்த்தான். கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தான். அவனுடைய எழுத்து. நீல மையில், அழுத்தமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், நூறு என்று இருந்தது.

"நான்தான் சார்."

"நாலு பக்கம் முன்னாடி நீங்களே எழுதியிருக்கீங்க. ஒவ்வொரு பிறப்பும் புதுசு, கூடப் பிறந்தவங்க கணக்கு இதுல சேராதுன்னு. முன்னாடி நல்லாச் சொல்லிட்டு, பின்னாடி வந்து நீங்களே கவுத்துட்டீங்க. இப்படியே அச்சுக்குப் போயிருந்தா வாத்தியாருங்க எல்லாம் சேர்ந்து நம்மளைத் தோரணம் கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க."

எப்போது எழுதினான் என்பது அவனுக்கு இப்போது நினைவு வந்தது. சின்னவளின் முடிவு வந்த வாரம். மாமனார் சந்தோஷத்தில் வாய்விட்டுக் கத்திவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அவனும் சந்தோஷப்பட்டான், ஒரு கணம். அடுத்த கணமே உள்ளே யாரோ கணக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள். பாதிக்குப் பாதி. ஒன்று தப்பித்துவிட்டது என்றால் மிச்சம் யார்?

பெற்றோரின் அல்லீல்களைச் சேர்த்துப் பார்க்கப் போடும் பன்னட் கட்டத்தின் நான்கு அறைகள் நான்கு பிள்ளைகள் அல்ல. ஒரே ஒரு பிள்ளை உருவாகும்போது நடக்கக்கூடிய நான்கு வழிகள். ரொட்டியைப் பிய்த்துப் பங்கு வைப்பது போல மரபணுவை யாரும் பங்கு வைப்பதில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்குப் புரிய எழுதிய ஆள் அவன். இந்தத் தவறைச் செய்யும் பிள்ளைகளுக்காகவே அந்தக் கேள்வியைச் சேர்த்தவனும் அவன்தான். பயம் வந்து அவன் பேனாவைப் பிடித்து விடை எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

நூறை அடித்துவிட்டு ஐம்பது என்று எழுதினான். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

பதிப்பாளர் லென்ஸைக் கீழே வைத்தார். "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"பெரிய பொண்ணுக்கு ஒரு பரிசோதனை முடிவு வரணும் சார்."

"என்ன பரிசோதனை?"

அவன் மேசையிலிருந்த தாளைத் தொட்டான். "இந்தக் கேள்விதான் சார்."

பதிப்பாளருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அந்தப் பக்கத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்து வைத்தார். அப்போது மேசைமேல் சத்தம் அணைத்து வைத்திருந்த அவன் போன், கவிழ்ந்துபோன வண்டுபோல் அதிர்ந்து நகர்ந்தது.

மருத்துவமனையிலிருந்து.

டாக்டரின் அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. சுவரில் இதயத்தின் படம், நீலமும் சிவப்புமாக. டாக்டர் அவனைவிடச் சற்று மூத்த பெண். மேசைமேல் ஓர் உறை பிரித்து வைக்கப்பட்டிருந்தது.

"உட்காருங்க."

"நின்னுட்டே கேக்குறேன் டாக்டர்."

"உட்கார்ந்தாத்தான் சொல்லுவேன்."

உட்கார்ந்தான்.

"இருக்கு," என்றார்.

சுவரில் இருந்த படத்தின் நீலமும் சிவப்பும் ஒன்றோடொன்று கலந்தன. கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"சின்னவளுக்கு இல்லாததால இவளுக்கு வந்திருச்சா?"

டாக்டர் அவனை உற்றுப் பார்த்தார். "நீங்க இதுக்குப் புத்தகம் போடுறவர்."

"தெரியும். ஆனாலும் கேக்குறேன்."

"இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"பாதி வாய்ப்புன்னுதானே சொன்னீங்க."

"அது பார்க்கிறதுக்கு முன்னாடி. இப்போ பார்த்தாச்சு."

அதன் பிறகு நிறையச் சொன்னார். தினமும் மாத்திரை. ஒரு வேளைகூட விடக்கூடாது. சில மருந்துகள் இவளுக்கு ஆகாது, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும். தனியாக நீச்சல் வேண்டாம். தூங்கும் அறையில் அலாரம், போன், மணி எதுவும் வேண்டாம். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். அலாரத்துக்குத் தலையாட்டும்போது மட்டும் கழுத்து மடங்க மறுத்தது.

"மாத்திரை போட்டா?"

"பெரும்பாலானவங்க நல்லா இருக்காங்க. படிக்கிறாங்க, வேலைக்குப் போறாங்க, பிள்ளை பெத்துக்கிறாங்க."

"பெரும்பாலானவங்க."

"ஆமா. எல்லாரும்னு சொன்னா அது பொய். உங்க மனைவிக்கு இருந்தது அவங்களுக்கே தெரியாது. இவளுக்கு இருக்கிறது நமக்குத் தெரியும். மாத்திரை குடுக்க முடியுது, பாருங்க." டாக்டர் பேனாவை எடுத்து மாத்திரையின் பெயரை எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார். "ராத்திரி நல்லாத் தூங்குறாளா?"

"எப்பப் போனாலும் எனக்கு முன்னாடியே முழிச்சிருப்பா."

"ஏன்?"

"கேட்டதில்ல."

"கேளுங்க. நோயால தூக்கம் கெடுறதில்ல. வேற ஏதோ இருக்கு. தூங்காம, பயந்துட்டே கிடந்தா இந்த மாதிரி இதயத்துக்கு அது நல்லதில்ல. மாத்திரை என் பொறுப்பு, இது உங்க பொறுப்பு."

வீட்டு வாசலில் அழைப்பு மணி இருந்த இடத்தில் இரண்டு ஒயர்கள் டேப் சுற்றி நீட்டிக்கொண்டிருந்தன. கீழே அவன் எழுதி ஒட்டிய தாள்: மணி அடிக்க வேண்டாம், மெதுவாகத் தட்டவும். மாமனார் படியில் உட்கார்ந்திருந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் எழுந்து, மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"வந்திருக்கு மாமா."

அவர் எதிர்க் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்கிட்டேருந்தா?"

"உங்ககிட்டேருந்தும் இருக்கலாம், அத்தைகிட்டேருந்தும் இருக்கலாம். ரெண்டு பேர்கிட்டேயும் இல்லாம உங்க பொண்ணுகிட்டயே புதுசா ஆரம்பிச்சும் இருக்கலாம். சொல்ல முடியாது."

"எனக்கு இருந்தா நான் எப்படி இத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பேன்?"

"சிலருக்கு இருந்தும் ஒண்ணும் பண்ணாது."

"எனக்குப் பண்ணியிருக்கக் கூடாதா," என்றார் அவர். "நாளைக்கே நானும் ரத்தம் குடுக்குறேன் மாப்பிள்ளை. வண்டியைப் பிரிச்சுப் பார்த்துடட்டும்."

உள்ளே சின்னவள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பெரியவள் அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே மறுபடி மடித்தாள். அவன் காலடி கேட்டும் திரும்பவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து பக்கத்தில் கையைத் தட்டினான். வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு வந்திருக்கா?"

எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துவைத்தது எதற்கும் தேவை வரவில்லை. "ஆமா," என்றான்.

"பாப்பாவுக்கு இல்லதானே?"

"இல்ல."

"நல்லவேளை. அவ பயந்தாங்கொள்ளி. ஊசிக்கே ஊரைக் கூட்டுவா."

"நான் ஒண்ணும் பயந்தாங்கொள்ளி இல்ல," என்றது தரையிலிருந்து ஒரு குரல்.

வரும் வழியில் வாங்கியிருந்த மாத்திரையை எடுத்துக் காட்டினான். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னான். பெரும்பாலானவர்கள் என்ற சொல்லையும் விடாமல் சொன்னான். அவள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கசக்குமா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றான்.

"அலாரம் எப்பவும் வேண்டாம். நீ பெரிய ஆள் ஆனாலும் வேண்டாம். நான் வந்து எழுப்புறேன்."

"நான்தான் தூங்கவே மாட்டேனே. அப்புறம் எப்படி எழுப்புவீங்க?"

கேட்டுவிட வேண்டிய இடம் அதுதான்.

"ஏன் தூங்கமாட்டே?"

அட்டையின் ஓரத்தை நகத்தால் கீறினாள். வாசல் பக்கம் பார்த்தாள். மாமனார் அங்கே நின்றிருந்தார்.

"சொல்லும்மா."

"அம்மா கூப்பிட்டப்போ நான் தூங்கிட்டு இருந்தேன்." குரல் சீராகத்தான் வந்தது. பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்த குரல். "தாத்தா வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னாரு. என்னைத்தான் கூப்பிட்டாங்களாம். வாய் நிறையக் கூப்பிட்டாங்களாம். எனக்குக் கேக்கல. கேட்டிருந்தா வந்து அலாரத்தை நிறுத்தியிருப்பேன்."

சின்னவளின் பென்சில் நின்றது.

"அதான் இப்போ முழிச்சுட்டே இருக்கேன். நீங்க கூப்பிட்டு எனக்குக் கேக்காமப் போச்சுன்னா?"

இவ்வளவு நாளும் அவன் வெளியிலிருந்து வரும் சத்தத்தை எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தான். கீலுக்கு எண்ணெய் விட்டான், மணியைப் பிடுங்கினான், குக்கரைப் பரணில் ஏற்றினான். நடக்காத ஒரு கூப்பிடுதல் மட்டும் அந்தக் கட்டிலில் இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

மாமனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஆறுதலுக்குச் சொன்னேன் கண்ணு," என்றார். "எனக்கே ஆறுதலா இருக்கட்டும்னுதான் சொன்னேன். தாத்தா அங்க இல்லவே இல்ல." அவர் பேசியதில் முதன்முறையாக உண்மையிலேயே அடுத்த அறைக்குக் கேட்காத குரலாக அது இருந்தது.

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். முன்பு சொன்னது நிஜமா, இப்போது சொல்வது நிஜமா என்று கேட்கும் பார்வை.

"அம்மா யாரையும் கூப்பிடல," என்றான். "எழுந்து உட்கார்ந்தா. கையை நீட்டினா. அவ்வளவுதான். பக்கத்துல இருந்த எனக்கே ஒண்ணும் கேக்கல. நீ அடுத்த அறையில இருந்தே. கேக்குறதுக்கு எதுவும் இல்ல."

"நிஜமா?"

"நிஜமா."

அவள் தோள்கள் கொஞ்சம் இறங்கின. உடனே நம்பிவிடவில்லை. நம்பலாமா என்று யோசித்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ கடைசியா என்னதான் சொன்னாங்க?"

இதுவரை யாரும் அவனிடம் கேட்காத கேள்வி. எல்லாரிடமும் மாமனாரின் பதில் இருந்தது. இறப்பதற்கு முந்தைய இரவு விளக்கை அணைக்கும்போது மனைவி சொன்னது அவனுக்கு அப்படியே நினைவிருந்தது. அதில் பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, இனி இந்தப் பிள்ளையிடம் எதையும் பாதியாகச் சொல்லக் கூடாது என்று நினைத்தான்.

பெரியவளை இழுத்துப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டான். அவள் நெஞ்சு அவன் விலாவில் மோதியது, சீராக. சொன்னான்.

"பெரியவ ஷூ இன்னும் காயல. ஃபேனுக்கு அடியில வச்சிருக்கேன், காலையில தொட்டுப் பாருங்க. அலாரம் வச்சாச்சு. நீங்க தூங்குங்க."